மூச்சுத்திணறலோடு வரும் நோயாளி: எமர்ஜென்சி வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் நர்ஸுக்கு

எமர்ஜென்சி வார்டில் யார் அதிகம் சத்தம் போடுகிறாரோ அவரிடம்தான் எல்லோரும் முதலில் ஓடுவார்கள். பைக்கிலிருந்து விழுந்து கை முறிந்தவர் கட்டடம் அதிர அலறுவார். மூச்சு முட்டுகிறவரால் அலற முடியாது. அலறுவதற்கும் காற்று வேண்டும். கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வியர்த்து, பேசாமல் உட்கார்ந்திருப்பார். அந்த அமைதியை நம்பக் கூடாது. இந்தக் கட்டுரையில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது இதைத்தான்.

ஜி.என்.எம். அல்லது பி.எஸ்சி. நர்சிங் முடித்து, தாலுகா அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனையின் கேஷுவாலிட்டியில் முதல் சில மாதங்களில் இருப்பவரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். மருந்தளவுகள் பெரியவர்களுக்கானவை. டாக்டரின் உத்தரவோடும் உங்கள் மருத்துவமனையின் நடைமுறையோடும் சரிபார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டும். அளவு தெரிந்திருந்தால், உத்தரவு வருவதற்குள் மருந்தை எடுத்துத் தயாராக வைத்திருக்கலாம். அதற்காகவே சொல்கிறேன்.

ஸ்ட்ரெச்சர் வாசலைத் தாண்டும்போதே

பி.பி. கருவியைத் தேடுவதற்கு முன் ஆளைப் பாருங்கள். "ஐயா, உங்க பேர் என்ன? என்ன செய்யுது?" என்று கேளுங்கள். முழு வாக்கியமாகப் பதில் வந்தால் மூச்சுப்பாதை திறந்திருக்கிறது, மூளைக்கு ரத்தம் போகிறது, நமக்குக் கொஞ்சம் நேரமும் இருக்கிறது. "மூச்சு... முடியல... சிஸ்டர்" என்று சொல்லுக்குச் சொல் நின்றால் நிலைமை தீவிரம். தலையை மட்டும் அசைத்தால் அதைவிட மோசம். கண் செருகினால் நின்ற இடத்திலிருந்தே குரல் கொடுத்து ஆள் கூப்பிடுங்கள். அவரைத் தனியே விட்டுவிட்டு டாக்டரைத் தேடிப் போகக் கூடாது.

பேசிக்கொண்டே கண்ணை ஓட்டுங்கள். கழுத்துத் தசைகள் கயிறு போல் புடைக்கின்றனவா? மூக்கு விடைக்கிறதா? முழங்காலில் கையை ஊன்றி முன்னால் சாய்ந்திருக்கிறாரா? மூச்சை இழுக்கும்போது வயிறு வெளியே எழவேண்டும். அது உள்ளே போனால் உதரவிதானம் களைத்துவிட்டது, இன்னும் சிறிது நேரத்தில் மூச்சே நின்றுவிடலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நீலம் பாய்ந்திருக்கிறதா என்று பார்க்க நாக்கையும் உதட்டின் உட்புறத்தையும் பாருங்கள். நம் நிறத்தில் நகத்தையும் முகத்தையும் மட்டும் நம்பினால் தப்பிவிடும். ரத்தசோகை உள்ளவருக்கு ஆக்ஸிஜன் வெகுவாகக் குறைந்த பிறகும் நீலம் தெரியாமல் போகலாம். ஹீமோகுளோபின் 6, 7 என்று வருகிற பெண்கள் நம்மிடம் குறைவா என்ன?

காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். குறட்டைச் சத்தம் என்றால் நாக்கு பின்னால் விழுந்திருக்கிறது, தாடையைத் தூக்குங்கள். களகளவென்றால் சளியோ வாந்தியோ ரத்தமோ இருக்கிறது, உறிஞ்சி எடுங்கள், அதாவது சக்‌ஷன். மூச்சை உள்ளே இழுக்கும்போது கீச்சென்ற சத்தம், அதாவது ஸ்ட்ரைடார் கேட்டால் அடைப்பு மேலே, குரல்வளையில் இருக்கிறது. விடும்போது விசில் போல் கேட்டால் அடைப்பு கீழே, சிறு மூச்சுக்குழாய்களில். இந்த இரண்டையும் ஸ்டெதஸ்கோப் இல்லாமலே கட்டிலருகில் நின்று பிரித்துவிடலாம்.

மூச்சை எண்ணுங்கள், உண்மையாகவே

எந்த வார்டின் சார்ட்டைப் புரட்டினாலும் எல்லா நோயாளிக்கும் மூச்சு எண்ணிக்கை 20 என்று இருக்கும். காய்ச்சல்காரருக்கும் 20, குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்தவருக்கும் 20. யாரும் எண்ணவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. நாடியையும் பி.பி.யையும் கருவி சொல்லிவிடுகிறது, மூச்சை மட்டும் நாம்தான் உட்கார்ந்து எண்ண வேண்டியிருக்கிறது என்பதால் வந்த வினை. ஆனால் உடல் சீர்கெடும்போது பெரும்பாலும் முதலில் மாறுவது இந்த எண்தான். சாச்சுரேஷனும் (ரத்தத்தின் ஆக்ஸிஜன் விழுக்காடு) பி.பி.யும் இறங்குவதற்கு மணிக்கணக்கில் முன்பே இது ஏறத் தொடங்கிவிடும்.

எண்ணப்போகிறேன் என்று நோயாளியிடம் சொல்லாதீர்கள். சொன்னால் மூச்சு விடும் விதமே மாறிவிடும். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நெஞ்சைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2017-இல் வெளியிட்ட, நோயாளியின் அளவீடுகளுக்கு மதிப்பெண் போடும் நியூஸ் 2 முறையில் 21 முதல் 24 வரை இருந்தால் 2 மதிப்பெண். 25-ஓ அதற்கு மேலோ, 8-ஓ அதற்குக் கீழோ இருந்தால் நேராக 3. எல்லாக் கணக்கும் சேர்ந்து 7-ஐத் தொட்டால் அது அவசர நிலை. உங்கள் மருத்துவமனையில் அந்தத் தாள் இல்லாவிட்டாலும், 25 என்ற எண்ணை டாக்டருக்கு போன் செய்யும் எல்லைக்கோடாக மனத்தில் குறித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. 36-இல் இருந்த மூச்சு அரை மணி நேரத்தில் 14-க்கு வந்துவிட்டது. நோயாளியும் கண்மூடிச் சாய்ந்திருக்கிறார். கூட வந்தவர் "இப்பதான் கொஞ்சம் தூங்குறாரு, எழுப்பாதீங்க சிஸ்டர்" என்பார். எழுப்புங்கள். தட்டினால் விழித்து, தெளிவாகப் பேசி, சாச்சுரேஷனும் ஏறியிருந்தால் மருந்து வேலை செய்திருக்கிறது. எழவில்லை என்றால் அவர் தூங்கவில்லை, களைத்துப்போய்க் கார்பன் டை ஆக்சைடு மயக்கத்தில் இருக்கிறார். கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையை எடுக்க வேண்டிய நேரம் அது.

விரலில் மாட்டும் கருவி சொல்வதும் சொல்லாததும்

பல்ஸ் ஆக்ஸிமீட்டர் நல்ல கருவி. கொரோனாவுக்குப் பிறகு வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. ஆனால் அது ஹீமோகுளோபினில் எவ்வளவு ஆக்ஸிஜன் ஏறியிருக்கிறது என்பதை மட்டும் சொல்லும். கார்பன் டை ஆக்சைடு தேங்குகிறதா என்பதையோ, அந்த 95-ஐத் தக்கவைக்க நோயாளி எவ்வளவு பாடுபடுகிறார் என்பதையோ அது சொல்லாது. கை ஜில்லிட்டிருந்தால், பி.பி. விழுந்திருந்தால், நகப்பூச்சோ அடர்ந்த மருதாணியோ இருந்தால் எண் தவறலாம். கருத்த தோலில் உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும். தீ விபத்திலோ, மூடிய அறையில் ஓடிய ஜெனரேட்டர் புகையிலோ சிக்கியவருக்கு 99 காட்டினாலும் நம்பக் கூடாது. கார்பன் மோனாக்சைடை அதனால் பிரித்தறிய முடியாது. திரையில் அலை ஒழுங்காக வருகிறதா, அதில் காட்டும் நாடியும் நீங்கள் கையால் பார்த்த நாடியும் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே எண்ணை எழுதுங்கள். பக்கத்திலேயே எத்தனை லிட்டர் ஆக்ஸிஜனில் அந்த எண் வந்தது என்பதையும் எழுதுங்கள். வெறும் காற்றில் 94-உம் 15 லிட்டரில் 94-உம் ஒன்றாகிவிடாது.

உட்காரவையுங்கள், பிறகு ஆக்ஸிஜன்

மூச்சு வாங்குகிறவரை மல்லாக்கப் படுக்கவைக்காதீர்கள். கட்டிலின் தலைப்பக்கத்தை 60 முதல் 90 பாகை வரை உயர்த்துங்கள். கட்டிலில் அந்த வசதி இல்லையென்றால் முதுகுக்குத் தலையணை அடுக்குங்கள். ஈ.சி.ஜி. எடுக்க வருகிறவர் "படுங்க" என்பார். உட்கார்ந்த நிலையிலேயே எடுத்துவிட்டு, உட்கார்ந்து எடுத்தது என்று தாளில் எழுதினால் போதும். எக்ஸ்ரே அறைக்கும் தனியே அனுப்பாதீர்கள்; முடிந்தால் போர்ட்டபிள் எக்ஸ்ரே கேளுங்கள். மயக்கத்தில் இருப்பவர் மட்டும் விதிவிலக்கு: மூச்சு சீராக இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். முதுகுத்தண்டில் அடிபட்டிருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் அதற்குரிய முறையில்தான் திருப்ப வேண்டும்.

ஆக்ஸிஜனும் ஒரு மருந்துதான். அளவு, கொடுக்கும் கருவி, எட்ட வேண்டிய இலக்கு மூன்றும் எழுதப்பட வேண்டும். பெரும்பாலோருக்கு இலக்கு 94 முதல் 98 விழுக்காடு. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், அதாவது சி.ஓ.பி.டி. இருந்து கார்பன் டை ஆக்சைடு தேங்கும் அபாயம் உள்ளவருக்கு 88 முதல் 92. சி.ஓ.பி.டி. என்றதும் பீடி குடித்த தாத்தா மட்டும் நினைவுக்கு வரக் கூடாது. வாழ்நாளெல்லாம் விறகடுப்பை ஊதிய பாட்டிக்கும் அதே நோய் வரும். "புகைபிடிப்பீங்களா?" என்று கேட்டால் சிரிப்பார், "எத்தனை வருஷம் விறகடுப்புல சமைச்சீங்க?" என்று கேட்டால்தான் விஷயம் தெரியும்.

மூக்குக் குழாய் நிமிடத்துக்கு 1 முதல் 4 லிட்டர் வரை. சாதாரண முகமூடியை 5 லிட்டருக்குக் கீழே வைக்கவே கூடாது. விட்ட மூச்சையே திரும்ப இழுப்பார். வெஞ்சுரி முகமூடியில் நிறம்தான் கணக்கு: நீலம் 2 லிட்டரில் 24 விழுக்காடு, வெள்ளை 4 லிட்டரில் 28, மஞ்சள் 8 லிட்டரில் 35, சிவப்பு 10 லிட்டரில் 40, பச்சை 15 லிட்டரில் 60. கம்பெனிக்குக் கம்பெனி மாறலாம் என்பதால் வால்வின் மேல் அச்சிட்டிருப்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சி.ஓ.பி.டி. நோயாளிக்கு நீலமோ வெள்ளையோ ஏற்றது. பை தொங்கும் என்.ஆர்.பி.எம். முகமூடிக்கு 10 முதல் 15 லிட்டர். முகத்தில் வைப்பதற்கு முன் வால்வை விரலால் அடைத்துப் பையை நிரப்புங்கள். மூச்சை இழுக்கும்போது பை முழுவதும் சுருங்கிப் போனால் லிட்டர் போதவில்லை. சாச்சுரேஷன் 85-க்குக் கீழே இருக்கும் நோயாளியிடம் மூக்குக் குழாயில் தொடங்கி ஒவ்வொரு லிட்டராக ஏற்றிக்கொண்டிருக்காதீர்கள். சி.ஓ.பி.டி. பின்னணி இல்லையென்றால் நேராக என்.ஆர்.பி.எம்., 15 லிட்டர். தேறிய பிறகு குறைத்துக்கொள்ளலாம். சி.ஓ.பி.டி.காரரே சாகக் கிடந்தாலும் முதலில் ஆக்ஸிஜனைக் கொடுத்து ஆளைக் காப்பாற்றிவிட்டுத்தான் 88-92 கணக்கு.

ஹியூமிடிஃபையர் பாட்டிலில் குழாய்த் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தைக் கண்டால், சீனியர் செய்தாலும் சரி, நீங்கள் செய்யாதீர்கள். ஸ்டெரைல் தண்ணீர், தினமும் மாற்றியது.

இவருக்கு என்ன?

நோயைக் கண்டுபிடிப்பது டாக்டரின் வேலை. ஆனால் கூட வந்தவரிடம் நாம் கேட்கும் நாலு கேள்விதான் அவரை அங்கே வேகமாகக் கொண்டுபோகும். எப்போது ஆரம்பித்தது, திடீரென்றா கொஞ்சம் கொஞ்சமாகவா? முன்பு இப்படி வந்திருக்கிறதா, அப்போது ஐ.சி.யூ.வில் இருந்தாரா? என்னென்ன மாத்திரை, பஃப்? இன்று புதிதாக என்ன சாப்பிட்டார், என்ன ஊசி போட்டார், எது கடித்தது? நோயாளியிடம் நீளமான கேள்வி கேட்டு மூச்சை வீணாக்காதீர்கள். ஆம், இல்லை என்று தலையசைத்தால் போதும் என்கிற மாதிரிக் கேளுங்கள்.

இழுப்பு என்று வரும் ஆஸ்துமா நோயாளியின் மூச்சு 25-ஐத் தொட்டிருந்தால், நாடி 110-ஐத் தொட்டிருந்தால், ஒரு மூச்சில் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாவிட்டால் அது கடுமையான தாக்குதல். ஸ்டெதஸ்கோப் வைத்தால் இளைப்புச் சத்தமே கேட்கவில்லை, ஆனால் நெஞ்சு பாடுபடுகிறது என்றால் அது உயிருக்கு ஆபத்தான நிலை. காற்றே உள்ளே போகாத மார்பில் விசில் எங்கிருந்து வரும்? சால்பியூட்டமால் 5 மி.கி., இப்ராட்ரோபியம் 0.5 மி.கி. நெபுலைசரில், ஆக்ஸிஜன் 6 முதல் 8 லிட்டரில் ஓட்டியே கொடுக்க வேண்டும். ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. நரம்பில். தேறாவிட்டால் மக்னீசியம் சல்ஃபேட் 2 கிராமை 20 நிமிடத்தில் ஏற்றச் சொல்வார்கள், பி.பி.யைப் பார்த்துக்கொண்டே இருங்கள். நெபுலைசர் கிண்ணம் நிமிர்ந்தே இருக்க வேண்டும், சாய்ந்தால் மருந்து ஆவியாகாது. மருந்து முடிந்த பின் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். முன்கூட்டியே சொல்லிவிட்டால் பயப்பட மாட்டார்கள். ரத்த வாயுப் பரிசோதனையில் கார்பன் டை ஆக்சைடு "நார்மல்" என்று வந்தால் நிம்மதி கொள்ள வேண்டாம். இவ்வளவு வேகமாக மூச்சு விடுகிறவருக்கு அது குறைந்திருக்க வேண்டும். 40-க்கு வந்துவிட்டது என்றால் களைக்கிறார் என்று அர்த்தம்.

சி.ஓ.பி.டி.க்கும் ஏறக்குறைய அதே மருந்துகள்தான். ஆனால் நெபுலைசரை ஆக்ஸிஜனில் ஓட்டாமல் கம்ப்ரஸரில் ஓட்டி, மூக்குக் குழாயில் 1, 2 லிட்டர் தொடரவேண்டும். முகமூடி வழியாக அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தும் பைபேப் மெஷின் இவர்களுக்குத்தான் அதிகம் உதவும். முதல் பத்து நிமிடம் பட்டையைக் கட்டாமல் முகமூடியைக் கையாலேயே முகத்தில் பிடித்துக்கொண்டு, "மெஷின் ஊதும்போது கூடவே இழுங்க தாத்தா" என்று பழக்கினால் ஒத்துழைப்பார்கள். எடுத்ததும் இறுக்கிக் கட்டினால் பிடுங்கி எறிவார்கள். வாந்தி எடுக்கிறவருக்கும், மூச்சுப்பாதையைத் தானே காத்துக்கொள்ள முடியாத அளவு மயக்கத்தில் இருப்பவருக்கும் பைபேப் ஆபத்து.

அறுபது வயதில் முதல்முறையாக, அதுவும் நடு இரவில், "வீசிங்" என்று ஒருவர் வந்தால் அது இதயமாக இருக்கலாம் என்ற சந்தேகம் முதலில் வரவேண்டும். படுத்தால் முடியாது, எழுந்து உட்கார்ந்தால் தேவலாம் என்பார். பி.பி. 200-க்கு மேல் எகிறியிருக்கும், நுரையீரலின் அடிப்பகுதியில் நொறுநொறுச் சத்தம் கேட்கும், முற்றினால் இளஞ்சிவப்பு நுரை வரும். காலைத் தொங்கப்போட்டு உட்காரவையுங்கள். சிறுநீர் பிரிய லேசிக்ஸ் 40 மி.கி., பி.பி. இடம் கொடுத்தால் நைட்ரோகிளிசரின், முகமூடி வழியாகத் தொடர்ந்து ஒரே அழுத்தத்தில் காற்று கொடுக்கும் சி.பேப். சிறுநீர் அளவை மணிக்கு மணி எழுதுங்கள். டயாலிசிஸ் செய்கிறவரா, கடைசியாக எப்போது போனார் என்று கேட்க மறக்காதீர்கள். லைன் போட்டதும் கையோடு ஒரு என்.எஸ். (சலைன்) பாட்டிலை மாட்டிவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறதே, அது இவர்களை மூழ்கடித்துவிடும். கேனுலா மட்டும் போதும்.

மார்பில் ஒரு சத்தமும் இல்லை, சாச்சுரேஷன் 99, ஆனால் ஆழமாக, வேகமாக மூச்சு விடுகிறார். உடனே "டென்ஷன்" என்று முத்திரை குத்தாதீர்கள். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பாருங்கள். சர்க்கரை நோயின் கீட்டோ அமிலத் தேக்கம் இப்படித்தான் வரும். சிறுநீரகச் செயலிழப்பும் நுரையீரலில் ரத்தக்கட்டியும்கூட "சுத்தமான மார்பு" மூச்சுத்திணறலாக வரும். பயத்தால் வரும் மூச்சுவாங்கல் என்பது மற்றதெல்லாம் இல்லை என்றான பிறகு சொல்ல வேண்டியது. காகிதப் பையை மூக்கில் பிடிக்கவே வேண்டாம்.

பூச்சிமருந்தும் பாம்பும்

நகரத்துப் பாடப்புத்தகங்களில் இரண்டு வரியில் முடிந்துவிடும் இந்த இரண்டும் நம் மாவட்ட மருத்துவமனைகளில் அன்றாட வேலை. அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பூச்சிமருந்து குடித்தவர் என்றால் முதலில் கையுறை, ஏப்ரன். ஆர்கனோபாஸ்பரஸ் வகை தோல் வழியாகவும் ஏறும். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கும், வாயில் எச்சில் ஒழுகும், வியர்வை கொட்டும், மார்பு முழுக்கச் சளி களகளக்கும். இவர்கள் பெரும்பாலும் சாவது மூச்சில்தான்: சொந்தச் சளியில் மூழ்கி, அல்லது மூச்சுத் தசை செயலிழந்து. சக்‌ஷன், ஆக்ஸிஜன், அட்ரோபின் மூன்றும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். துணி கழற்றுவதும் சோப்புப் போட்டுத் தலைமுடி உட்பட உடம்பைக் கழுவுவதும் அதற்கு இடையூறு இல்லாமல் நடக்க வேண்டும். அட்ரோபின் நம்மிடம் 0.6 மி.கி. ஆம்பியூல். முதல் டோஸ் 1.8 முதல் 3 மி.கி., அதாவது மூன்றிலிருந்து ஐந்து ஆம்பியூல். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து, போதாவிட்டால் இரட்டிப்பாக்கிக்கொண்டே போவார்கள். ஆம்பியூல் உடைக்கவே ஒருவர் தனியாக வேண்டியிருக்கும். இலக்கு எது? மார்பு சுத்தமாகக் கேட்க வேண்டும், நாடியும் மேல் பி.பி.யும் 80-க்கு மேல் இருக்க வேண்டும், அக்குள் காய்ந்திருக்க வேண்டும். கண்மணி விரிந்துவிட்டது என்பதை மட்டும் வைத்து நிறுத்தினால் சளி திரும்பும். அளவு மிஞ்சினால் காய்ச்சல், பிதற்றல், வயிற்றில் சத்தமின்மை, சிறுநீர் அடைப்பு வரும். அதையும் கவனித்துச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் நாள் நோயாளி தெளிந்து இட்லி கேட்பார். அப்போதும் கண்காணிப்பைத் தளர்த்தக் கூடாது. 24 முதல் 96 மணி நேரத்துக்குள் கழுத்துத் தசையில் தொடங்கி மூச்சுத் தசை வரை தளரும் இடைக்காலப் பக்கவாதம் வரலாம். ஒவ்வொரு ஷிஃப்டிலும், "தலையைத் தலையணையில இருந்து தூக்குங்க பார்ப்போம்" என்று சொல்லிப் பாருங்கள். தூக்க முடியவில்லை என்றால் உடனே டாக்டருக்குச் சொல்லி, மூச்சுக்குழாயில் டியூப் போடத் தயாராகுங்கள்.

பாம்புக்கடியில் மூச்சை நிறுத்துபவை நல்ல பாம்பும் கட்டுவிரியனும். கட்டுவிரியன் தந்திரமானது. தரையில் பாய் விரித்துத் தூங்கியவர், விடிகாலையில் வயிற்றுவலி, வாந்தி என்று வருவார். கடித்த தடமோ வீக்கமோ இருக்காது. இமை சரிகிறதா, பேச்சு குழறுகிறதா, எச்சிலை விழுங்க முடிகிறதா என்று பாருங்கள். ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். முதலில் 25 வரை எண்ணியவர் அரை மணியில் 12-இல் நிற்கிறார் என்றால் மூச்சுத் தசை தளர்கிறது. சாச்சுரேஷன் அப்போதும் 98-ஆக இருக்கும்! விஷமுறிவு மருந்து முதலில் 8 முதல் 10 குப்பி வரை ஏற்றுவார்கள். ஏற்றத் தொடங்குவதற்கு முன்பே அட்ரினலினைச் சிரிஞ்சில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வாமை எந்த நிமிடமும் வரலாம்.

கட்டுவிரியன் விஷம் முற்றிய ஒருவர் அசையமாட்டார், கண் திறக்கமாட்டார், கண்மணி விரிந்து வெளிச்சத்துக்கும் அசையாது. பார்த்தால் மூளைச்சாவு போலவே இருக்கும். ஆனால் அவருக்கு முழு நினைவும் இருக்கலாம், நாம் பேசுவதெல்லாம் கேட்கலாம். அதனால் அவர் கட்டிலருகே "கஷ்டம்தான்" என்று யாரும் பேசக் கூடாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "மெஷின் மூச்சு விடுது, மருந்து ஏறுது, சரியாகிடும்" என்று ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். மயக்க மருந்து கொடுக்கலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். வெண்டிலேட்டர் இல்லாத இடத்தில் ஆம்பு பையை ஆறு விநாடிக்கு ஒருமுறை அழுத்திக்கொண்டே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தால் இவர்கள் எழுந்து நடந்து வீட்டுக்குப் போவார்கள்.

நிமிடங்களில் முடிவாகும் சில

ஊசி போட்ட சில நிமிடங்களில் உடம்பெல்லாம் தடித்து, குரல் கம்மி, மூச்சு இழுத்தால் அது அனாஃபிலாக்சிஸ். அட்ரினலின் 0.5 மி.கி., அதாவது 1 மி.லி. ஆம்பியூலில் பாதி, தொடையின் வெளிப்பக்க நடுவில் தசையூசியாக. ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் இன்னொன்று. ஏவில் என்ற ஒவ்வாமை ஊசியும் ஹைட்ரோகார்டிசோனும் பிறகு வரலாம். அவை அட்ரினலினுக்கு மாற்று ஆகாது. திடீரென்று எழுப்பி நிற்கவைக்காதீர்கள், பி.பி. விழும்.

விபத்தில் வந்தவருக்கு ஒரு பக்க மார்பில் மூச்சுச் சத்தமே இல்லை, கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது, பி.பி. இறங்குகிறது என்றால் டென்ஷன் நியூமோதொராக்ஸ், அதாவது நுரையீரலுக்கு வெளியே காற்று தேங்கி அதை அமுக்குகிறது. எக்ஸ்ரேக்குக் காத்திருக்கக் கூடாத ஒன்று இது. பெரிய கேனுலாவையும் ஐ.சி.டி. (மார்புக் குழாய்) டிரேயையும் கட்டிலருகே கொண்டுவந்துவிட்டு டாக்டரை அழையுங்கள். ஐ.சி.டி. போட்ட பிறகு பாட்டில் எப்போதும் மார்புக்குக் கீழே இருக்க வேண்டும், குழாய் முனை தண்ணீருக்குள் 2 செ.மீ. மூழ்கியிருக்க வேண்டும். குமிழி வரும் குழாயை வழியில் கிளாம்ப் போட்டு மூடாதீர்கள்.

குழந்தைகளுக்கு எண்கள் வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் இரண்டு மாதத்துக்குக் கீழே 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இவற்றைத் தொட்டாலே வேகமான மூச்சு. அம்மா மடியிலிருந்து பிரிக்காதீர்கள், அழுதால் மூச்சு இன்னும் கெடும். அழுதுகொண்டிருந்த குழந்தை சோர்ந்து அமைதியானால் ஓடுங்கள். ஸ்ட்ரைடாரோடு எச்சில் ஒழுக உட்கார்ந்திருக்கும் குழந்தையின் தொண்டைக்குள் குச்சி வைத்துப் பார்க்கவே கூடாது. விளையாடிக்கொண்டிருந்தபோது திடீரென இருமி, ஒரு பக்கம் மட்டும் இளைப்பு என்றால் வேர்க்கடலையையோ சீத்தாப்பழ விதையையோ சந்தேகியுங்கள். மண்ணெண்ணெய் குடித்த குழந்தைக்கு வயிற்றைக் கழுவவோ வாந்தி எடுக்கவைக்கவோ கூடாது. நுரையீரலுக்குள் போனால்தான் அது கொல்லும்.

டியூப் போட வேண்டிவந்தால்

டாக்டர் "இன்டுபேட் பண்ணணும்" என்ற பிறகு சாமான் தேடுவது கொடுமை. ஷிஃப்ட் தொடங்கும்போதே பாருங்கள்: லாரிங்கோஸ்கோப் பல்பு எரிகிறதா, சக்‌ஷன் இழுக்கிறதா, ஆம்பு பையில் சரியான முகமூடி மாட்டியிருக்கிறதா. பெண்களுக்கு 7 அல்லது 7.5, ஆண்களுக்கு 8 அளவு டியூப், கூடவே அதைவிட 0.5 குறைந்த அளவில் ஒன்று, ஸ்டைலெட், பூஜி, 10 மி.லி. சிரிஞ்சு, கட்டும் நாடா. போட்ட பிறகு முதலில் வயிற்றின் மேல், பிறகு மார்பின் இரு பக்கமும் கேட்க வேண்டும். விடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கேப்னோகிராஃப் இருந்தால் அதன் அலைதான் உறுதியான சாட்சி. உதட்டோரம் எத்தனை செ.மீ. என்று எழுதுங்கள், பெண்களுக்குச் சுமார் 21, ஆண்களுக்கு 23. பிறகு சாச்சுரேஷன் திடீரென விழுந்தால் டியூப் நகர்ந்ததா, சளி அடைத்ததா, நியூமோதொராக்ஸா, கருவிக் கோளாறா என்று அந்த வரிசையில் பாருங்கள். காரணம் பிடிபடும்வரை வெண்டிலேட்டரைக் கழற்றி ஆம்புவில் போடுங்கள். சக்‌ஷன் ஒவ்வொன்றும் 15 விநாடிக்கு மேல் போகக் கூடாது.

கூட வந்தவர்கள்

"ஆக்ஸிஜன் வச்சாச்சா? அப்ப அவ்வளவுதானா சிஸ்டர்?" என்று ஒரு மகள் அழுதபடி கேட்பார். நம் ஊரில் ஆக்ஸிஜன் என்றாலே கடைசிக் கட்டம் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். "இல்லம்மா, நுரையீரலுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்கத்தான். தேறத் தேறக் குறைச்சுடுவோம்" என்று அரை நிமிடம் நின்று சொல்லிவிட்டால், முகமூடியைக் கழற்றிவிட்டுக் காபி கொடுக்கும் ஆபத்தும் போய்விடும். மூச்சு வாங்கும்போது தொண்டையை நனைக்கக்கூட டம்ளரில் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்பதைக் காரணத்தோடு சொல்லுங்கள். ஈரப்பஞ்சால் உதட்டைத் துடைக்க அனுமதியுங்கள். ஏதாவது செய்ய வேண்டும் என்று தவிக்கிறவர் கைக்கு அது ஒரு வேலை.

போனில் சொல்வதும், வண்டியில் ஏற்றுவதும்

"சார், மூணாவது பெட் பேஷன்ட் மூச்சு வாங்குறார்" என்றால் டாக்டருக்கு ஒன்றும் புரியாது. இப்படிச் சொல்லுங்கள்: "சார், ரெட் ஜோன் மூணாவது பெட், 58 வயசு ஆண், தெரிஞ்ச ஆஸ்துமா. மூச்சு 34, நாடி 128, பி.பி. 150/90, என்.ஆர்.பி.எம். 15 லிட்டர்ல சாச்சுரேஷன் 90. ரெண்டு நெபு, ஹைட்ரோகார்டிசோன் கொடுத்தாச்சு. இப்ப பேச்சு நின்னுடுச்சு, மார்புல சத்தமும் கேட்கல. உடனே வாங்க சார், இன்டுபேஷன் டிரே எடுத்து வைக்கிறேன்." கடைசி வாக்கியம் முக்கியம், என்ன வேண்டும் என்று நீங்களே கேட்க வேண்டும். போன் செய்த நேரத்தை எழுதுங்கள். வரவில்லை என்றால் மறுபடி அழையுங்கள், அடுத்த நிலையில் இருப்பவரையும் அழையுங்கள். திட்டு விழுந்தால் விழட்டும்.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவதானால் கிளம்புவதற்கு முன் ஆக்ஸிஜன் கணக்குப் போடுங்கள். கையில் தூக்கும் பி வகை சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 10 லிட்டர். நிரம்பியிருந்தால் மீட்டர் ஏறக்குறைய 150 காட்டும், அதாவது 1500 லிட்டர் ஆக்ஸிஜன். மீட்டர் காட்டும் எண்ணை 10-ஆல் பெருக்கி, ஓடும் லிட்டரால் வகுத்தால் எத்தனை நிமிடம் தாங்கும் என்று வரும். மீட்டர் 60, ஓட்டம் 15 லிட்டர் என்றால் 40 நிமிடம்தான். போகும் நேரம் முக்கால் மணி என்றால் அந்தச் சிலிண்டரோடு கிளம்பக் கூடாது. பயண நேரத்தைப் போல இரு மடங்குக்கு இருப்பு வேண்டும். ரயில்வே கேட் மூடியிருக்கலாம். சிலிண்டரின் வாயில் எண்ணெயோ கிரீஸோ படவிடாதீர்கள், தீப்பிடிக்கும். கூடவே முகமூடியோடு ஆம்பு பை, சக்‌ஷன், கேஸ் ஷீட், எக்ஸ்ரே, கொடுத்த மருந்தும் நேரமும் எழுதிய தாள். போய்ச் சேரும் இடத்துக்கு முன்பே போன் செய்து யாரிடம் சொன்னீர்கள் என்று பெயரோடு குறித்துக்கொள்ளுங்கள். சிலிண்டர் திறக்கும் சாவியை வண்டிக்குள் எடுத்து வைத்தாயிற்றா என்று கையால் தொட்டுப் பார்த்த பிறகு கதவைச் சாத்தச் சொல்லுங்கள்.